மீன்தலை மசாலாவில் ஒரு கரண்டித் தேங்காய்

எங்கள் கடையில் தராசு ஒன்று இருந்தது. அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக இருந்தது. மற்ற நேரங்களில் என் வீட்டுக்காரர் அதன் தட்டில் வெற்றிலையை நனைத்து வைத்திருப்பார்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் அரைத்த மசாலா விற்பவர்களுக்கு எடை தேவையில்லை. மேசைமேல் எனாமல் தட்டுகளில் மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம், வெங்காயம், செரை என்கிற எலுமிச்சைப்புல், லெங்குவாஸ் என்கிற சித்தரத்தை எல்லாம் தனித்தனியாக ஈரத்தோடு அரைத்துக் குவித்து வைத்திருப்போம். வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் "மாசாக் அப்பா? பெராப்பா ஓராங்?" தமிழர்களிடம் "என்ன குழம்பு? எத்தனை பேரு?" கோழி, ஆறு பேர் என்று பதில் வந்தால் போதும். என் வீட்டுக்காரரின் கரண்டி ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக்கொண்டு போகும். பிறகு வாழையிலைத் துண்டு, அதன்மேல் பழைய செய்தித்தாள், ரப்பர் வளையம். வீட்டுக்குப் போய்ச் சட்டியில் போட வேண்டியதுதான்.

சின்னக் குடும்பம் என்றால் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. "காரம் வேணுமா?" அதைக் கேட்கும்போது மட்டும் அவர் தலையை நிமிர்த்தி வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணமே இந்தக் கேள்விகள்தான். நான் பிறவியிலேயே மூக்கை நுழைக்கிறவள். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டால் வீட்டில் திட்டு விழும். கடையில் அதே கேள்விக்குக் காசு கிடைத்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து வரும் ஒரு அம்மா வாராவாரம் ஐந்து பேர் என்பார். ஒரு நாள் நாலு என்றார். மகன் ராணுவச் சேவைக்குப் போயிருக்கிறான் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன், பிறகு அதுதான் சரி என்று தெரிந்தது. வீட்டில் மூன்றே பேர் இருந்தும் எட்டுப் பேர் என்று கௌரவத்துக்காகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மசாலா மிஞ்சும், அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

இருபது பேரைத் தாண்டினால் மட்டும் என் வீட்டுக்காரரின் கை மாறிவிடும். மூன்று பேர் மசாலாவைப் பத்து மடங்காக்கினால் அது முப்பது பேர் மசாலா ஆகாது என்பது அவர் கட்சி. கூட்டம் என்றால் அதில் குழந்தை இருக்கும், வயிற்றுக்கோளாறுக்காரர் இருப்பார், பல் போனவர் இருப்பார். அதனால் மிளகாயை இறக்கி மல்லியை ஏற்றிவிடுவார். காரம் வேணுமா என்ற கேள்வியும் கிடையாது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் திருநாளுக்கு வருஷாவருஷம் அவருடைய மசாலாதான். பூசை முடிந்து வந்து வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் குறை சொன்னதில்லை. வீட்டுக்குப் போன பிறகு அதை நினைத்துக்கொண்டிருந்தவர்களும் இல்லை.

தேங்காய் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நான் இங்கே பிறந்தவள். அவர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர். மலாயைக் காதால் மட்டுமே படித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் கல்யாணத்துக்கு முன், சீன அம்மா ஒருவர் வந்து "கெப்பாலா ஈக்கான்" என்று கேட்டிருக்கிறார். கெப்பாலா என்றால் தலை. மீன்தலைக் கறி. இவர் காதில் அது "கெலாப்பா ஈக்கான்" என்று விழுந்திருக்கிறது. கெலாப்பா என்றால் தேங்காய். தேங்காய் போட்ட மீனா, சரி, சீனர்கள் எதையும் சாப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, ரெண்டாங் என்ற மலாய் இறைச்சிக் கறிக்காக வறுத்து அரைத்து வைத்திருந்த தேங்காயில் ஒரு கரண்டி எடுத்து மீன் மசாலாவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அந்த அம்மா இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, போன வாரம் கொடுத்தது மாதிரியே வேண்டும் என்றார்.

நான் கடைக்கு வந்து நின்ற முதல் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"என்னங்க, அவங்க தலைன்னு கேட்கிறாங்க. நீங்க தேங்காயப் போடுறீங்க."

அவர் ஒரு நிமிஷம்தான் திகைத்தார். பிறகு, "ரெண்டையும் ஒடச்சுத்தான குழம்பு வைக்கிறோம், விடு லா" என்றார். அதற்குள் எங்கள் மீன்தலை மசாலாவுக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அதனால் பிழை பிழையாகவே நிலைத்துவிட்டது. சந்தையில் மசாலா விற்ற வேறு யாரும் மீன்தலைக்கு வறுத்த தேங்காய் போடுவதில்லை. போடுவதற்கு அவர்களுக்குக் காரணமும் இல்லை, அவர்கள் மலாய் நன்றாகப் பேசினார்கள்.

சூப்பர்மார்க்கெட் என்றால் அப்போதெல்லாம் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பாலாடைக்கட்டி வாங்கும் இடம் என்றுதான் எங்களுக்கு எண்ணம். எண்பதுகள் பிறந்ததும் அது பஸ் ஏறி எங்கள் பக்கம் வந்துவிட்டது. தீவு முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு கடை, நாங்கள் தோ பாயோ வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே புதிதாக ஒன்றைத் திறந்தது. குளிர்சாதனம், தள்ளுவண்டி, ஈரமில்லாத தரை. முதலில் அதைப் பற்றிக் கேலி பேசினோம். மீனைத் தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டார்களாம் என்று சிரித்தோம். பிறகு எங்கள் பழைய முகங்கள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. மீன்தலை மசாலாவுக்கென்றே வந்துகொண்டிருந்த மலாய் டீச்சர் ஒருவரைப் பஸ்ஸில் பார்த்து, ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அந்தக் கடையில் டப்பாவில் கிடைக்கிறது, வேலை முடிந்து வரும்போதே எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சங்கடத்தோடு சொன்னார்.

அதே சமயம் பழைய சந்தையை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கடை வேண்டும் என்பவர்கள் மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பெயர் கொடுக்கவில்லை.

"யாருக்கு அரைச்சுக் கொடுக்கிறது? எல்லாரும் டப்பாவுக்குப் போயிட்டாங்க. பேசாம ஜூரோங்ல ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல போய்ச் சேர்ந்திடுறேன். கம்பெனி பஸ் வீட்டுக்குக் கீழயே வருது" என்றார்.

வருமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் எத்தனை பேர் என்று கேட்கிற மனிதரைத்தான் எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மனிதரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அந்தக் கடை எனக்கு வேண்டும். அந்தக் கேள்விகள் எனக்கு வேண்டும். ஆனால் அவர் மனசு வைக்காமல் நான் என்ன செய்ய முடியும்?

ஆனாலும் ஒரு யோசனை அரித்துக்கொண்டே இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த டப்பாவில்?

ஒரு மத்தியானம் கடையை அவர் கழுவட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் போய் அந்த சூப்பர்மார்க்கெட்டில் இறங்கினேன். கையில் மஞ்சள் கறை, காலில் ரப்பர் செருப்பு. குளிர் முதுகில் ஏறியது. எதற்கும் மணமே இல்லை என்பதைத்தான் முதலில் கவனித்தேன். இவ்வளவு சாப்பாட்டுப் பொருள் ஒரே இடத்தில் இருக்கிறது, மூக்குக்கு வேலையே இல்லை. ஒரு மூலையில் "நேச்சுரல் ஃபுட்" என்று பச்சை எழுத்தில் பலகை. அதன் கீழே தவிட்டு அரிசி, தேன், கேழ்வரகு மாவு. எங்கள் பக்கத்துக் கடைக்காரர் சாக்கில் வைத்து விற்கிற அதே கேழ்வரகு, இங்கே கண்ணாடித்தாள் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த குளிர்ப்பெட்டியில் அரைத்த மசாலா டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கோழிக்கு ஒன்று, மீன்தலைக்கு ஒன்று. ஒட்டியிருந்த சீட்டில் சாயம் சேர்க்காதது, இயற்கையானது, நாலு பேருக்குப் போதும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம் என்று கையை வைத்தேன். சீருடை போட்ட பெண் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். மீன்தலை டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எதிரி கடையிலயே போய் வாங்கிட்டு வந்தியா?" என்றார் அவர். சீட்டில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். "அவன் இயற்கைன்னா நாம என்ன, பிளாஸ்டிக்லயா அரைக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஒரு மீன்தலை வாங்கி, அந்த டப்பா மசாலாவில் வெண்டைக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாக்கின் பின்பக்கம் கடைசியில் வந்து உட்கார்ந்தது வறுத்த தேங்காய்.

ஒன்றும் சொல்லாமல் அவருக்குச் சோறு போட்டு ஊற்றினேன். முதல் வாயில் அவர் மெல்லுவதை நிறுத்தினார். இரண்டாவது வாய் சாப்பிட்டார். குழம்பை மட்டும் விரலால் தொட்டு நக்கினார்.

"எவனோ என் மலாயைத் திருடிட்டான்" என்றார்.

சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் அவர் முகம் அதற்கு இடம் தரவில்லை. ஊரில் ஒரே ஒரு ஆள் செய்த பிழை எப்படிச் சூப்பர்மார்க்கெட் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்தது? எனக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. குழம்பு எங்கள் கைதான், ஆனால் எங்கள் வீட்டுக் கை இல்லை. எங்கேயோ சாப்பிட்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போதுதான் பிடிபட்டது. கோயில் திருநாள். கூட்டத்துக்குக் கலக்கிய மசாலா அது, மிளகாய் இறங்கி மல்லி ஏறிய மசாலா.

அப்படியானால் யாரும் செய்முறையைத் திருடவில்லை. எங்கள் மசாலாவையே வாங்கிக்கொண்டு போய் டப்பாவில் அடைக்கிறார்கள். அதுவும் பெரிய எண்ணிக்கை சொல்லி.

எங்களிடம் பெரிய எண்ணிக்கை சொல்கிறவர்கள் அதிகமில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒருமுறை வருவார்கள். வாரத்துக்கு மூன்று முறை வந்தது ஒரே ஒருவர்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க சீன அம்மா, பூப்போட்ட சட்டையும் கறுப்புக் காற்சட்டையும், கையில் இரண்டடுக்குத் தூக்குப் பாத்திரம். சீன அம்மாக்களை மலாயில் மரியாதையாக அழைப்பதுபோல நோன்யா என்று கூப்பிடுவோம். எப்போதும் மீன்தலைக்கு முப்பது பேர், கோழிக்கு இருபது பேர். முதல் நாள் அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர்தான் "கேன்டீனா?" என்று கேட்டார். நோன்யா தலையை ஆட்டினார். அன்றிலிருந்து எங்கள் மனசில் நோன்யாவுக்கு ஜூரோங்கில் ஒரு கேன்டீனே கட்டிக் கொடுத்துவிட்டோம். போன வாரம்கூட இவர், "நோன்யா, உங்க கேன்டீன்ல எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார். நோன்யாவின் முகம் வெளிறிப்போனது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனவர் குடையை எங்கள் மேசையிலேயே மறந்துவிட்டார். ஏழைக்கு வேலை இல்லை என்று சொல்லச் சங்கடப்படுகிறார் என்று நாங்கள் அதற்கும் ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்தோம்.

எதிர்வரிசை மீன்காரரிடம் போனேன். அவரும் சீனர், எங்களோடு பழகிப் பழகித் தமிழில் பேரம் பேசுவார்.

"அந்த நோன்யா உங்ககிட்ட எத்தனை தலை வாங்குவாங்க?"

"எந்த நோன்யா? தூக்கு வச்சிருக்காங்களே, அவங்களா? ஒரு தலை வாங்கினது இல்ல. ஒரு வால்கூட வாங்கினது இல்ல."

முப்பது பேருக்கு மீன்தலைக் கறி, மீன் இல்லாமல். இவ்வளவு நாள் இது என் மூக்குக்கு எட்டாமல் போனதே என்று எனக்கு என்மேலேயே கோபம்.

இருந்தாலும் உறுதி செய்துகொள்ளாமல் ஒருவரைக் குற்றம் சொல்லக்கூடாது. நான்தான் வழி சொன்னேன். அடுத்த முறை நோன்யாவுக்குக் கலக்கும்போது தேங்காயை விட்டுவிடுங்கள், அந்த டப்பாவில் தேங்காய் இருக்கிறதா என்று பார்ப்போம். அவருக்கு மனசு ஒப்பவில்லை. கேட்டு வந்தவருக்குக் குறைத்துக் கொடுப்பதா என்றார். கேட்டது கெப்பாலா, நீங்கள்தான் கெலாப்பா போட்டீர்கள், இன்றைக்குத்தான் சரியாகக் கொடுக்கிறீர்கள் என்றேன். நோன்யா வந்து முப்பது பேர் என்றதும் அவர் கரண்டி பழக்கத்தில் தேங்காய்த் தட்டுவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்து டப்பா வாங்கினேன். தேங்காய் இல்லை.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அவருக்கு அப்படி இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

நோன்யா அடுத்த முறை வந்தபோது வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தார். பேசியதெல்லாம் மலாயில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மாமா, போன தடவை ஏதோ விட்டுட்டீங்க. நல்லா இல்லன்னு கடையில சொல்றாங்க" என்றார். சொன்ன பிறகுதான் வாயிலிருந்து வந்தது கேன்டீன் இல்லை, கடை என்பது அவருக்கே உறைத்தது.

நான் கழுவி வைத்திருந்த டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

நோன்யா ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. காலியாகக் கிடந்த வெங்காயக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தையல் தொழிற்சாலையில் வேலை போய்விட்டதாம். கூட இருப்பது அக்கா ஒருத்தி மட்டும். இரண்டு பேரும் வீட்டில் மசாலா அரைத்து அந்தக் கடைக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். ருசி போதாது என்று திருப்பிவிட்டார்கள். ஒரு நாள் எங்கள் மசாலாவை வாங்கி டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இதுதான் வேண்டும் என்றார்களாம். அதன் பிறகு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் அரைத்தது என்றே சொல்லி வந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப முப்பது பேர் இல்லையா?"

"இல்ல."

"பிறகு எத்தனை பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா? யாரோ வாங்குறாங்க. நான் அவங்களப் பார்த்ததே இல்ல. நீங்க கேட்டீங்க, நான் ஏதாவது சொல்லணுமே."

"இது ஒண்ணு எத்தனை பேருக்கு?"

"நாலு பேருக்குன்னு போட்டிருக்கு."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கை மிளகாய்க் கை, கண்ணில் பட்டு நீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே என்னிடம் தமிழில் திரும்பினார். "கேட்டியா? நாலு பேர் வீட்டுக்குக் கூட்டத்து மசாலாவக் கொடுத்திருக்கேன். அந்த டீச்சர் அதச் சாப்பிட்டுட்டா நம்மள விட்டுப் போனாங்க?"

அவருக்கு வலித்த இடம் அதுதான். திருட்டு அவரைத் தொடவே இல்லை. தன் வாடிக்கைக்காரர்கள் தன்னுடைய சுமாரான கைக்காகத் தன்னுடைய நல்ல கையை விட்டுப் போய்விட்டார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

விட்டுப்போனது என்ன என்று நோன்யா மறுபடியும் மெதுவாகக் கேட்டார். ஒரு வருஷமாக அக்காவும் தானும் நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தும் ஒன்று மட்டும் பிடிபடவில்லையாம். நான் மேசைக்கடியில் என் வீட்டுக்காரர் காலை மிதித்தேன். அவர் கவனிக்கவே இல்லை. கெப்பாலா கெலாப்பா கதையை முழுக்கச் சொல்லிவிட்டார், கையை ஆட்டி, அந்தப் பழைய சீன அம்மா மாதிரி பேசிக் காட்டி. நோன்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து எழுந்து, அன்றைக்கு எதுவும் வாங்காமல், இத்தனை நாள் கேட்காமலே விட்டிருந்த குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வரவில்லை. வழக்கமாக வரும் நாள்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. வீட்டிலேயே அரைக்கிறார் என்று ஊகிக்க ஞானம் வேண்டியதில்லை. அந்த சூப்பர்மார்க்கெட்டில் டப்பா இருந்தது, அதில் தேங்காயும் இருந்தது. எங்கள் பெரிய வாடிக்கையும் போயிற்று, எங்களுக்கென்று இருந்த ஒரே பிழையும் போயிற்று. வீட்டுக்காரர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம், இரண்டு நாள் பேசவில்லை.

மாதக் கடைசியில் அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "புதுக் கட்டடத்துக்குப் பேர் கொடுத்திட்டேன்."

எதற்கு என்று கேட்டேன். நான் விரும்பியது அதுதான் என்றாலும் காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

"நான் ஜூரோங்குக்குப் போயிட்டா, அந்த டப்பாதான் என் மசாலான்னு ஆயிடும்" என்றார்.

புதுக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு முனைக் கடை கிடைத்தது. வெள்ளை ஓடு பதித்த மேசை, தலைக்கு மேலே குழல்விளக்கு, எல்லாம் புதுசு. தராசும் புதுசுதான், முதல் நாளே அதில் வெற்றிலை ஏறிவிட்டது. பழைய சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு எங்களிடம் வந்தவர்கள் இங்கே வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தட்டுகளில் குவித்த மசாலா காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றோம். மலாய் டீச்சரின் தங்கை வந்தார், ஐந்து பேர். காரம் வேணுமா என்று இவர் கேட்ட சத்தம் அடுத்த வரிசைவரை கேட்டிருக்கும். பிறகு யாருமில்லை.

அப்போதுதான் தூக்குப் பாத்திரம் இல்லாமல், பெரிய பிளாஸ்டிக் கூடையோடு நோன்யா வந்து நின்றார்.

வீட்டில் மசாலா இடித்த சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்களாம். அக்காவின் கையெல்லாம் மிளகாய் எரிச்சல். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேள்வியை இவர் கேட்கவில்லை. கேட்டால் நோன்யா பொய் சொல்ல வேண்டிவருமோ என்று நினைத்தாரோ என்னவோ.

"கெப்பாலா ஈக்கான்" என்றார் நோன்யா. "நாலு பேருக்கு."

இவர் நாலு பேருக்குக் கலந்தார். மிளகாய், மல்லி, சீரகம், கடைசியில் தேங்காய். இலையில் வைத்து மடித்தார். நோன்யா அதைக் கூடைக்குள் வைத்தார்.

"இன்னொரு நாலு பேருக்கு."

மறுபடியும் முதலிலிருந்து கலந்தார். ஒரேயடியாகக் கலந்து பிரித்துக் கொடுத்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு நாலு பேர். இன்னொரு நாலு பேர். பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது. என்ன விற்கிறார்கள், ஏன் இந்த அம்மாவுக்கு இவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்தவர்களும் வரிசையில் நின்றுகொண்டார்கள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நாலு பேர்களெல்லாம் யார், எந்த மாடியில் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. ஆனாலும் இவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத்தான் கலந்தார்.

கூடை நிறைந்ததும் "போதுமா?" என்று கேட்டார்.

நோன்யா இல்லை என்று தலையசைத்தார். "டுவா ஓராங்" என்றார். ரெண்டு பேர்.

"இது எந்தக் கடைக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

"கடைக்கு இல்ல. எனக்கும் அக்காவுக்கும். இத்தனை நாள் எங்களுக்குன்னு வாங்கினதே இல்ல."

என் வீட்டுக்காரர் கரண்டியை எடுத்தார். எடுத்தவர் தலையை நிமிர்த்தி நோன்யாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக வாரத்துக்கு மூன்று முறை எங்களிடம் வந்த அந்த அம்மாவிடம் அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வி அது.

"காரம் வேணுமா?"

பின்னால் வரிசை காத்திருக்க, நோன்யா யோசித்துச் சொன்னார்.

"அக்காவுக்கு வேணும். எனக்குக் கொஞ்சம் கம்மியா."